ஏடு பெயர்த்தலும் கோப்புப் பெயர்த்தலும்

பழங்கணினியிலிருந்து புதியதற்குக் கோப்புகளை மாற்றுதல் இக்காலத்து ஏடு பெயர்த்தெழுதலேயாம் என்பது என் கருத்து. ஏட்டிலிருந்த கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளைத் தேடித் தொகுத்ததோடு அமைந்தாரல்லர். எழுத்தறிந்து படித்து, ஒப்புநோக்கிப் பாடமுங் கண்டார். கணினிக் கோப்புக்கும் அவ்விரு பணியும் வேண்டும்.

எங்கள் கல்லூரி மலரின் பழைய கட்டுரைகள் 1.44 மெகாபைற் கொள்ளும் நெகிழ்வட்டுகளிலே கிடந்தன. புதிய கணினியில் அவ்வட்டை இடும் வாயில் இல்லாமையால், புறத்தே இணைக்குங் கருவியொன்றால் அவற்றை எடுத்தோம். திறந்தபோது தமிழைக் காணோம். ஆங்கில எழுத்துக்களும் நிறுத்தக்குறிகளுமே நிரல்பட நின்றன. கோப்புப் பழுதுற்றது என்றனர் மாணவர். பழுது யாதுமில்லை.

இலங்கையிற் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவில் எழுதுங்கால், கணினி உள்ளே சேமிப்பது ஆங்கில எழுத்துக்குரிய எண்ணையே. எழுத்துரு அதன்மேல் தமிழ் வடிவைப் போர்த்துகின்றது. அஃது இல்லாத கணினியிற் போர்வை நீங்கிவிடும். யூனிக்கோட்டிலோ 1991 முதல் தமிழுக்கெனத் தனியெண்கள் உள.

ஆதலின், முதற்கண் மூலக்கோப்பைப் படியெடுத்து வைத்துக்கொள்க. பின்னர்ப் பாமினியை நிறுவிப் படித்துப் பார்க்க. அதன்பின் எழுத்துரு மாற்றியால் யூனிக்கோட்டாக்குக. ஒப்புநோக்காது விடற்க; இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்களையும் அம்மாற்றி பொருளற்ற தமிழெழுத்தாகத் திரித்துவிடும். அதனைக் காண்பது படித்தவர் கண்ணே.

கறையான் அரித்த ஏடு தன் அழிவைக் காட்டிநின்றது. கோப்போ முழுதாயிருந்தும் படிப்பாரின்றி மறையும். பாமினியிலே தட்டெழுதியவர் பலர் இன்றும் நம்மிடையே உளர். அவர் துணை கிடைக்கும்போதே இப்பணியை முடித்தல் நம் கடன்.