லண்டன் தீர்ப்பும் நீலகிரி யாத்திரையும்

1931 ஆகஸ்டில் மாக்டொனால்டு தம் தொழிற்கட்சியைக் கைவிட்டுக் கன்சர்வேடிவ்களுடனும் லிபரல்களுடனும் கூடி அமைத்த மந்திரி சபைக்குத் 'தேசிய சர்க்கார்' என்று பெயர். எந்தத் தேசத்துக்கு என்று நாம் கேட்கவேண்டியதில்லை! 1932 ஆகஸ்டில் அது பிறப்பித்த வகுப்புத் தீர்ப்பு தாழ்த்தப்பட்டோருக்குத் தனித்தொகுதி வகுத்தது. மகாத்மா எரவாடாச் சிறையில் உபவாசமிருந்தார். பூனா ஒப்பந்தத்தால் 71 ஸ்தானங்கள் 148 ஆயின, தனித்தொகுதி போயிற்று. அம்பேத்கர் விட்டுக்கொடுத்தது சிறிதன்று. ஆயின், ஒப்பந்தக் காகிதம் கிணற்றடியையும் கோயில் வாசலையும் திறந்துவிடுமா? அக்கடனைத் தீர்க்கவன்றோ மகாத்மா ஊர் ஊராய் யாத்திரை புறப்பட்டார்! 1934 ஜனவரி இறுதியில் குன்னூர் வந்து தங்கினார். கோத்தகிரிக்கும் உதகமண்டலத்திற்கும் சென்று தீண்டாமையை ஒழிக்குமாறு மன்றாடினார். கவர்னர்கள் கோடைச் சுகத்திற்கு ஏறிய மலையிலே ஹரிஜன நிதிக்குக் கை நீட்டினார். 1935-ம் வருஷத்துச் சட்டப்படி சென்னைச் சட்டசபையில் தாழ்த்தப்பட்டோருக்கு 30 ஸ்தானங்கள் ஒதுக்கப்பட்டன. சொத்தும் எழுத்தறிவுமற்ற தேயிலைத் தொழிலாளிக்கோ, அவ்வபேட்சகர்களைத் தேர்ந்தெடுக்க அன்று வோட்டே இருக்கவில்லை.