குதிரையின் வாய்க்கு ஏற்ற கடிவாளம்

குதிரை கையை மீறி இழுத்துக்கொண்டு ஓடுகிறது. நிறுத்தினால் தலையை உதறுகிறது. உடனே பலருக்கும் தோன்றும் தீர்வு, இதைவிடக் கடுமையான கடிவாளம். வலி வந்தால் ஓடித் தப்புவதுதான் குதிரையின் பிறவிக் குணம். ஏற்கெனவே வாய் வலித்து ஓடும் குதிரைக்கு வலியைக் கூட்டினால் அது நிற்குமா? கடிவாளம் மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை, அதன் வாயைத் திறந்து பார்ப்பது.

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத இடைவெளி ஒன்று இருக்கிறது. ‘பிட்’ எனப்படும் கடிவாள இரும்பு உட்காருவது அங்கேதான். அந்த இடத்தில் கீழ்த்தாடை எலும்பு ஒடுங்கி, விளிம்பு போலாகிவிடுகிறது. அதன்மேல் மெல்லிய ஈறு மட்டுமே போர்த்தியிருக்கும். உதட்டுக்கும் தாடைக்கும் உணர்வு தரும் நரம்பு எலும்பிலிருந்து வெளிவருவதும் அதற்கு அருகில்தான். ஆண் குதிரைகளுக்கு இந்த இடைவெளியிலேயே கோரைப்பல் இருக்கும். சில குதிரைகளுக்குக் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் சிறிய உபரிப்பல் ஒன்று முளைத்திருக்கும். இரும்பு அதில் இடித்துக்கொண்டே இருந்தால் எந்தப் பயிற்சியும் பலிக்காது.

வாயை மூடியதும் மிச்சமிருக்கும் இடத்தை ஏறக்குறைய முழுவதும் நாக்கு நிரப்பிவிடுகிறது. ஆகவே, வெற்றிடத்தில் இரும்பு தொங்குவதாக நினைத்துக்கொள்வது தவறு. 1980-களில் ஹிலரி கிளேட்டன் என்ற ஆய்வாளர், பிட் அணிந்த குதிரையின் வாயை அசையும் எக்ஸ்ரே படங்களில் பார்த்தார். குதிரைகள் இரும்பைச் சும்மா தாங்கிக்கொண்டிருக்கவில்லை. நாக்கால் தூக்கின, பின்னுக்குத் தள்ளின, கடைவாய்ப் பற்களுக்கிடையே கவ்வவும் பார்த்தன.

தடித்த இரும்பு மென்மையானது, மெல்லியது கடுமையானது என்பது லாயங்களில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் பாடம். இயற்பியல் கணக்கில் அது சரி: பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். ஆனால், தடித்த இரும்பை வைக்க வாயில் இடம் வேண்டுமே! ஃபின்லாந்து ஆய்வாளர் கதி துவோமோலாவும் அவரது குழுவினரும், திறந்தவெளியில் தடை தாண்டி ஓடும் போட்டியை முடித்து வந்த 208 குதிரைகளின் வாயைப் பரிசோதித்து, 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாதிக்கும் சற்று மேற்பட்ட குதிரைகளுக்கு, பிட் படும் இடத்தில் புதிய காயமோ கன்றலோ இருந்தது. 14 முதல் 17 மில்லிமீட்டர் வரையிலான நடுத்தரத் தடிமனோடு ஒப்பிட்டால், 10–13 மி.மீ. மெல்லிய இரும்பிலும் 18–22 மி.மீ. தடித்த இரும்பிலும் மோசமான காயத்துக்கான அபாயம் கூடுதல். மென்மை என்று நம்பி தடித்ததை வாங்கிய எத்தனையோ நல்ல மனிதர்கள் அறிய வேண்டிய செய்தி இது.

அடுத்தது நெம்புகோல். ‘ஸ்நாஃபிள்’ வகையில் வார் நேரே வாயோரத்து வளையத்தில் கோக்கப்படும்; கை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுதான் வாய்க்குப் போகும். ‘கர்ப்’ வகையில் பக்கவாட்டில் நீண்ட தண்டு இருக்கும். வார் அதன் கீழ்நுனியில், தாடைக்கு அடியில் ஓடும் சங்கிலி மேல்நுனியில். இரும்புக்கு மேலே 5 செ.மீ., கீழே 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ விசையில் இழுத்தால் சங்கிலியில் இரண்டு கிலோ இறுக்கம். நாக்கிலும் ஈற்றிலும் இரண்டும் கூடி மூன்று கிலோ. ‘டிரசாஜ்’ எனப்படும் குதிரைப் பயிற்சித் திறன் போட்டியின் சர்வதேச விதிகள் கீழ்த்தண்டை 10 செ.மீ.க்கு மேல் விடாததன் அவசியம் இந்தக் கணக்கில் தெரியும். கை பழகாதவர்களிடம் கர்ப் கொடுப்பதை என்னால் ஏற்கவே முடியாது. ஓட்டத்தில் உடம்பு குலுங்க, சமநிலைக்காக வாரைப் பிடித்துத் தொங்குபவரின் ஒவ்வொரு தடுமாற்றமும் மும்மடங்காகக் குதிரையின் வாய்க்குப் போகும்.

முள் வைத்த கடிவாளங்களைப் பற்றி விவாதிக்கவே எதுவுமில்லை. பாரம் இழுக்கும், சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகளிலேயே இந்தியா அவற்றைத் தடைசெய்திருக்கிறது. ஆனாலும் திருமண ஊர்வலக் குதிரைகளின் வாயிலிருந்து இன்னமும் அவை கழற்றப்பட்டு வருகின்றன.

பிட்டின் அகலத்தைத் தீர்மானிப்பது எளிது. ஒரு வாயோரத்திலிருந்து மறு ஓரம் வரை அளந்து, இருபுறமும் ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் கூட்டினால் போதும். குறுகினால் உதட்டைக் கிள்ளும். அகன்றால் பக்கவாட்டில் நழுவி, இரும்பின் நடுவிலுள்ள மூட்டு ஒரு பக்கம் போய் உட்காரும். பழைய பிட்டாக இருந்தால் மூட்டுத் துளையைச் சுற்றி விரலால் தடவிப் பார்க்க வேண்டும். தேய்ந்த இரும்பு அங்கேதான் கூராகும். வாய் பிளப்பது, நாக்கை இரும்புக்கு மேலே போடுவது போன்ற அறிகுறிகளை மூக்குவாரை இறுக்கிக் கட்டி மறைத்துவிட்டால், காரணம் உள்ளேயே தங்கிவிடும்.

குதிரைக்குப் பால்பற்கள் விழுந்து நிலையான பற்கள் முழுதாக வர ஏறக்குறைய ஐந்து வயதாகும். மூன்று வயதில் சேணம் பழக்கும்போது வாங்கிய பிட்டையே அப்படியே தொடரக் கூடாது. பல் வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரை வைத்து அந்த வாயை ஆண்டுதோறும் பார்த்து, மீண்டும் அளக்க வேண்டும்.