காளானல்ல, பூக்கும் செடி

மழைக்காட்டுத் தரையில், மக்கிய இலைகளை விலக்கிக்கொண்டு செந்நிறக் குமிழ் ஒன்று தலைநீட்டினால் யாருக்கும் காளான் என்றுதான் தோன்றும். இலை இல்லை, பச்சை இல்லை. மரத்தடி ஈரத்தில் கொத்தாக நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, பசிபிக் தீவுகள் வரை வளரும் பாலனோஃபோரா ஃபங்கோசா அப்படிப்பட்ட ஒன்று. ஜேம்ஸ் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் (1772-75) உடன் சென்ற ஃபார்ஸ்டர் தந்தையும் மகனும் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய செடி இது. செடி என்று அழுத்தியே சொல்கிறேன். நிறமும் உருவமும் இங்கே சாட்சியாகா; பூ ஒன்றே சாட்சி.

காளானின் குடைக்கு அடியில் மடிப்புகளோ நுண்துளைகளோ இருக்கும். அவற்றிலிருந்து வித்துத்தூள் உதிரும். பாலனோஃபோராவில் அவை கிடையா. தண்டை ஒட்டிச் சதைப்பற்றான செதில்கள் அடுக்கியிருக்கின்றன, அவைதாம் இலைகள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஆண் பூக்கள் தெரியும்: குட்டிக் காம்பு, விரிந்த நான்கைந்து இதழ்கள், நடுவே ஒன்றாக ஒட்டிய மகரந்தத்தாள்கள். பெண் பூக்களைக் காண்பது கடினம். வெல்வெட் போலத் தெரியும் மேற்பரப்பு முழுவதும் நுண்ணிய குண்டாந்தடிகள்; அவற்றின் இடுக்குகளில் இதழே இல்லாமல், சூலகமும் சூல்தண்டுமாக ஒடுங்கிய பூக்கள். தாவர உலகின் மிகச் சிறிய பூக்களில் இவையும் அடங்கும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு பக்கத்து மரத்தின் வேரைப் பற்றி, அதன் உணவை உறிஞ்சுகிறது.

பச்சையமே இல்லாததை எப்படிச் செடி என்பது? நியாயமான கேள்விதான். 19-ஆம் நூற்றாண்டின் பெரும் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லியே இத்தகைய ஒட்டுண்ணிகளைப் பூக்கும் தாவரங்களோடு சேர்க்காமல் தனி வகுப்பாக ஒதுக்கினார். பூ, விதை, உள்ளமைப்பு எல்லாவற்றையும் ஆராய்ந்து அதை மறுத்தவர் ஜோசஃப் டால்டன் ஹூக்கர். அவருடைய ஆய்வு 1856-இல் வெளிவந்தது. மரபணு ஆய்வும் அவர் பக்கமே நிற்கிறது. மற்றச் செடிகளில் பச்சையம் இருக்கும் கணிகம் என்ற உறுப்பு பாலனோஃபோராவில் இன்றும் உண்டு. அதன் மரபணுத்தொகுப்பு, சாதாரணச் செடிகளில் உள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. ஒளிச்சேர்க்கை மரபணுக்கள் அத்தனையும் போய்விட்டன. ஆனாலும் கணிகம் அழியவில்லை. பூஞ்சைகளுக்கோ கணிகம் என்பதே இல்லை. ஆகவே பச்சையம் இல்லாதது இழப்பு. வேறு இனம் என்பதற்கு அத்தாட்சியல்ல. இன்றைய வகைப்பாட்டில் பாலனோஃபோரா இருப்பது சந்தன மரத்தின் வரிசையில். சந்தனமும் பிற செடிகளின் வேரில் உறிஞ்சிப் பிழைப்பதுதான். அது பச்சை இலையை விடவில்லை, அவ்வளவே.

தோண்டிப் பார்க்காமல் ஒட்டுண்ணி என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்றும் கேட்கலாம். பச்சையமில்லாத எல்லாச் செடியும் மர வேரைப் பற்றுவதில்லை. சில ஆர்க்கிட்கள் பூஞ்சையிடமிருந்து உணவு பெறுகின்றன. ஆனால் பாலனோஃபோரா என்று பூ காட்டிவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை. அந்தப் பேரினம் முழுவதுமே வேர் ஒட்டுண்ணி. கிழங்கைப் பிடுங்கினால் செடி செத்துவிடும், புதிதாக எதுவும் தெரியப்போவதுமில்லை. ஆணும் பெண்ணும் ஒரே தலையில் உள்ளனவா, தனித்தனிச் செடிகளிலா என்பதே துணையினத்தைப் பிரித்தறிய உதவும். எனவே காட்டில் இதைக் கண்டால் பல தலைகளை நெருக்கமாக, பக்கவாட்டிலிருந்தும் அடியிலிருந்தும் படமெடுங்கள், மண்ணைத் தொடாதீர்கள்.