விண்ணில் ஒரு விடுதி

மதுரைக்குக் கிழக்கே மேலூர் வயல்வெளிகளில், வானம் தெளிந்திருக்கும் சில நாள்களின் விடியற்பொழுதில், ஓர் ஒளிப்புள்ளி சிமிட்டாமல் மேற்கிலிருந்து கிழக்காக விரைந்து கடப்பதைக் காணலாம். அது விண்மீன் அன்று, விமானமும் அன்று, பன்னாட்டு விண்வெளி நிலையம். மதுரைக்கும் சென்னைக்கும் இடையே எவ்வளவு தொலைவோ, ஏறத்தாழ அவ்வளவு உயரத்தில் பறந்து, 90 நிமிடங்களுக்கு ஒருமுறை புவியைச் சுற்றிவருகிறது. 2000ஆம் ஆண்டு நவம்பர் முதல் அதில் மனிதர் இல்லாத நாளே இல்லை.

அதனை நடத்துவதற்கு அமெரிக்காவின் நாசா மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 300 கோடி டாலர் செலவிடுகிறது. உணவும் உதிரி உறுப்புகளும் எரிபொருளும் புவியிலிருந்தே செல்லவேண்டும். அவ்வுயரத்திலும் எஞ்சியுள்ள மெல்லிய காற்றின் உராய்வால் நிலையம் சிறிது சிறிதாகத் தாழ்கிறது. அவ்வப்போது அதனை உந்தி உயர்த்தவும் வேண்டும். இச்செலவைச் சுற்றுலாப் பயணிகளிடம் பெற இயலுமா?

முதல் முயற்சி உருசியாவின் மிர் நிலையத்தில் நிகழ்ந்தது. பணமின்றித் தவித்த அந்நிலையத்தை 2000ஆம் ஆண்டில் மிர்கார்ப் என்னும் நிறுவனம் குத்தகைக்கு எடுத்தது. வீரர் இருவரைத் தன் செலவிலேயே அனுப்பியது. போதிய முதலீடு திரளவில்லை. 2001 மார்ச் 23 அன்று மிர் பசிபிக் கடலில் வீழ்த்தப்பட்டது. அங்குச் செல்லவிருந்த அமெரிக்கச் செல்வந்தர் டென்னிசு டிட்டோ, அடுத்த மாதமே உருசிய விண்கலத்தில் பன்னாட்டு நிலையத்திற்குச் சென்றார். அவர் செலுத்தியதாகக் கூறப்படும் தொகை 2 கோடி டாலர். அது முழுவதும் நிலையத்திற்கே சேர்ந்ததாகக் கொண்டாலும், நாசாவின் ஓராண்டுச் செலவுக்கு அவரைப் போன்ற 150 பேர் வேண்டும். 2025 வரை அந்நிலையத்திற்குச் சென்றுவந்தோர், வீரர்களையும் சேர்த்து, 300 பேருக்கும் குறைவு!

மீனாட்சியம்மன் கோவிலைச் சூழ்ந்த வீதிகளில் தங்கும் விடுதிகள் பல உள்ளன. அவற்றின் வாடகை விடுதியை நடத்தப் போதும். பயணியைக் கொண்டுவந்து சேர்க்கும் இருப்புப்பாதையையோ, அவர் காணவந்த கோவிலையோ அவ்வாடகை எழுப்பவில்லை. விண்வெளியிலோ பாதை, விடுதி, குடிநீர் யாவும் அந்த ஒரே வாடகைக்குள் அடங்கவேண்டும். 2001 முதல் 2009 வரை எழுவர் மட்டுமே இவ்வாறு சென்றனர். பின்னர் அமெரிக்க விண்ணோடங்கள் ஓய்வுபெற்றதால் உருசியக் கலங்களின் இருக்கைகள் நாசாவுக்கே தேவைப்பட்டன. சுற்றுலா பன்னிரண்டு ஆண்டுகள் நின்றுபோயிற்று.

இன்று ஆக்சியம் ஸ்பேஸ் என்னும் தனியார் நிறுவனம் அப்பயணங்களை நடத்துகிறது. 2022இல் சென்ற முதல் குழுவினர் மூவர், ஆளுக்கு 5.5 கோடி டாலர் செலுத்தியதாகச் செய்திகள் வெளிவந்தன. நான்காம் பயணத்தில்தான், 2025 ஜூன் 25 அன்று, இந்தியாவின் சுபான்ஷு சுக்லா புறப்பட்டார். அவருடன் சென்ற போலந்து, அங்கேரி வீரர்களும் தத்தம் நாட்டின் சார்பில் சென்றவர்களே, குழுத்தலைவரோ அந்நிறுவனத்தவர். சுற்றுலாப் பயணி ஒருவர்கூட இல்லை. செல்வந்தர்களுக்கென விரிக்கப்பட்ட கடையில் அரசுகளே வந்து நின்றன என்பது கருதத்தக்கது. இந்தியா செலவிட்ட ஏறத்தாழ 550 கோடி ரூபாய்க்கு ஈடாகக் கிடைத்தது பட்டறிவு: பயிற்சி, நிலையத்தில் 18 நாள் வாழ்க்கை, பாசிப்பயறும் வெந்தயமும் அங்கு முளைவிடும் முறையை அறியும் ஆய்வு முதலியன.

2030க்குப் பின் பன்னாட்டு நிலையத்தைக் கடலில் இறக்கிவிட்டு, தனியார் கட்டும் நிலையங்களில் இடம்பெற நாசா திட்டமிட்டுள்ளது. இந்தியா தேர்ந்த வழி வேறு. பாரதிய அந்தரிக்ஷ நிலையத்தின் முதல் கூற்றை அமைக்க 2024 செப்டம்பரில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதனையும் உள்ளடக்கிய ககன்யான் திட்டத்தின் மொத்த ஒதுக்கீடு 20,193 கோடி ரூபாய். நிலையம் 2035இல் நிறைவுறவேண்டும் என்பது இலக்கு. இன்று பதினொன்றாம் வகுப்பில் பயில்வோர் அப்போது வரி செலுத்தும் அகவையினராக இருப்பர்.

அதற்கான பணிகளுள் ஒரு பகுதி மதுரைக்குத் தெற்கே, திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் நடைபெறுகிறது. மனிதரைச் சுமக்கும் ஏவூர்திக்குரிய கிரையோஜெனிக் இயந்திரம் அங்குள்ள இஸ்ரோவின் உந்துவிசை வளாகத்தில் பலமுறை எரித்துச் சோதிக்கப்பட்டு, 2024 பிப்ரவரியில் தகுதிபெற்றது. அச்சோதனைகளுக்கான செலவு முழுவதும் அரசுடையது.