டிராக்டர் ரேடியேட்டரில் தினமும் தண்ணீர் குறைகிறதா? ஊற்றுவதை நிறுத்திவிட்டு, போகும் வழியைக் கண்டுபிடியுங்கள்!

பழைய டிராக்டர் வைத்திருக்கும் பல விவசாயிகளுக்குக் காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவது பழகிப்போன வேலை. 'பழைய வண்டி, கொஞ்சம் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும்' என்று விட்டுவிடுகிறோம். ஆனால், தண்ணீர் டீசல் போலச் செலவாகும் பொருள் இல்லை. இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும். தினமும் குறைகிறது என்றால், எங்கோ ஒரு வழியாகப் போகிறது என்று பொருள்.

அந்த வழி இன்றைக்கு ஒரு தளர்ந்த கிளாம்ப்பாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் விட்டால், சேறடிக்கும் நேரத்தில் இன்ஜின் சூடேறி, ஹெட் வளைந்து, பிஸ்டன் சிக்கி வண்டி நடுவயலில் நின்றுவிடும். சில நூறு ரூபாயில் முடியும் வேலை, இன்ஜினையே பிரிக்கும் வேலையாகிவிடும். எனவே, நடவுப் பருவம் தொடங்கும் முன்பே இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்திலும் கைகளிலும் பீய்ச்சியடிக்கும். மேல் டேங்கில் கை வைத்துப் பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகு, தடித்த சாக்கைப் போட்டு, முதலில் கொஞ்சம் மட்டும் திருப்புங்கள். மிச்ச அழுத்தம் வெளியேறிய பிறகு முழுதாகத் திறக்கலாம்.

அதேபோல, தண்ணீர் வற்றிச் சூடேறிய இன்ஜினில் உடனே குளிர்ந்த தண்ணீரை ஊற்றக் கூடாது. ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விட்டுவிடும். நன்றாக ஆற விட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

உண்மையிலேயே குறைகிறதா?

பழைய டிராக்டர்கள் பலவற்றில் உபரித் தண்ணீரைப் பிடித்து வைக்கும் ரிசர்வ் பாட்டில் கிடையாது. அந்த வண்டிகளில் கழுத்து வரை தண்ணீர் நிரப்பினால், சூடேறியதும் தண்ணீர் விரிந்து, ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக வெளியே கொட்டிவிடும். மறுநாள் பார்த்தால் குறைந்திருக்கும். நாம் மறுபடி நிரப்புவோம், அது மறுபடி கொட்டும். இது கசிவே இல்லை.

இதைச் சோதிக்க, இன்ஜின் ஆறியிருக்கும்போது கழுத்துக்கு 2 முதல் 3 செ.மீ. கீழே தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். ஆனால் உள்ளே தெரியும் குழாய்களின் மேல்முனை மூழ்கியிருக்க வேண்டும். ஒரு குச்சியை விட்டு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று நாள் வேலை பார்த்து, ஒவ்வொரு நாள் காலையிலும் அதே குச்சியால் அளந்து பாருங்கள். அளவு அப்படியே நின்றால் கவலையில்லை. இறங்கிக்கொண்டே போனால், கீழே உள்ள வரிசைப்படி தேடுங்கள். செலவு குறைந்ததில் இருந்து தொடங்குவது நல்லது.

வெளியே போகும் வழிகள்

இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள். காலையில் எந்த இடத்தில் ஈரம் இருக்கிறதோ, அதற்கு நேர் மேலே தேடுங்கள். சில கசிவுகள் சூடாக இருக்கும்போது மட்டும் வரும். அந்தத் தண்ணீர் சொட்டுவதற்கு முன்பே ஆவியாகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் வெள்ளை உப்புக் கோடு, துருக் கோடு அல்லது கூலன்ட்டின் நிறக் கறை இருக்கும். கையில் ஒரு டார்ச் லைட்டோடு பாருங்கள்.

* ஹோஸ் குழாய்கள்: மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் கையால் அமுக்கிப் பாருங்கள். வெடிப்பு, உப்பல், பிசுபிசுப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். கிளாம்ப் தளர்ந்திருந்தால் இறுக்கினாலே போதும். கம்பி போட்டுக் கட்டுவது ஹோஸை அறுத்துவிடும்.

* ரேடியேட்டர் மூடி: இதன் வேலை மூடுவது மட்டுமில்லை. உள்ளே அழுத்தத்தைத் தாங்கி, தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்துவிடாமல் காப்பதும் இதுதான். ரப்பர் வெடித்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்தாலோ ஓவர்ஃப்ளோ வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். புதியது வாங்கும்போது பழைய மூடியில் பொறித்திருக்கும் அதே அழுத்த எண் உள்ளதையே கேட்டு வாங்குங்கள். துணியைச் சுற்றியோ, பிளாஸ்டிக் பையை வைத்தோ மூடாதீர்கள்.

* வாட்டர் பம்ப்: பம்ப்பின் அடிப்பக்கம் ஒரு சிறு துளை இருக்கும். அதில் தண்ணீர் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது. துளையை அடைத்துவிட்டால், தண்ணீர் பேரிங்குக்குள் புகுந்து பம்ப்பையே கெடுத்துவிடும். இன்ஜினை நிறுத்திவிட்டு ஃபேனைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பம்ப்பைக் கழற்றிப் பழுது பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

* ரேடியேட்டர்: மேல், கீழ் டேங்குகள் சேரும் இடத்தில்தான் அதிகம் விடும். செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் ரேடியேட்டர் பட்டறையில் ஈயம் வைத்து அடைத்துவிடலாம். அலுமினியத்துக்கு அந்த முறை சரிவராது.

* பிளாக்கில் உள்ள தகட்டு மூடிகள்: இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் நாணயம் போல வட்டத் தகடுகள் அடித்திருக்கும். வெறும் தண்ணீரே ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இவை துருப்பிடித்து ஓட்டையாகும்.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றால், மெக்கானிக்கிடம் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்ப்பைப் பொருத்தி அழுத்தம் கொடுப்பார். வெளிக்கசிவு இருந்தால் அந்த இடத்தில் தண்ணீர் வந்துவிடும். அழுத்தம் இறங்குகிறது, ஆனால் வெளியே ஒரு சொட்டும் இல்லை என்றால், தண்ணீர் இன்ஜினுக்குள் போகிறது.

உள்ளே போகும் வழிகள்

இதுதான் ஆபத்தானது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், ஹெட்டில் விரிசல் இருக்கலாம், அல்லது சிலிண்டர் லைனரின் அடியில் உள்ள ரப்பர் வளையங்கள் கெட்டிருக்கலாம். நீங்களே செய்யக்கூடிய நான்கு சோதனைகள் இருக்கின்றன.

1. டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி போல இருந்தாலோ, ஊற்றாமலே அளவு ஏறியிருந்தாலோ தண்ணீர் கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

2. இரவு முழுவதும் வண்டி நின்ற பிறகு, ஆயில் வடிக்கும் போல்ட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிட கனமானது என்பதால் அடியில் தங்கும். முதலில் தண்ணீர் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

3. ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்து, முகத்தைத் தள்ளி வைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் வரும் சில குமிழிகள் அடைபட்ட காற்றாக இருக்கலாம். விடாமல் குமிழி வந்து, ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க அதிகமானால், சிலிண்டரில் எரியும் வாயு தண்ணீருக்குள் வருகிறது. சூடேறும் முன் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள்.

4. இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா, பாருங்கள். கூலன்ட் ஊற்றிய வண்டியாக இருந்தால் புகையில் இனிப்பு வாடை அடிக்கலாம். வெள்ளைப் புகைக்கு டீசல் பம்ப், நாசில் கோளாறும் காரணமாகலாம் என்பதால், தண்ணீரும் குறைகிறதா என்பதைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆயிலில் தண்ணீர் கலந்தது தெரிந்துவிட்டால், 'இந்த ஒரு வயலை மட்டும் முடித்துவிடுவோம்' என்று ஓட்டாதீர்கள். அந்த ஆயிலுக்கு வழுவழுப்பு இருக்காது. பேரிங்குகள் தேய்ந்து கிராங்க் வரை செலவு இழுத்துவிடும். காலையில் செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் டக்கென்று இடித்து நின்றால், சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கியிருக்கலாம். திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தாலோ, தள்ளி ஸ்டார்ட் செய்தாலோ கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

ஹெட்டைக் கழற்றும்போது கேஸ்கெட்டை மட்டும் மாற்றச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். ஹெட் வளைந்திருக்கிறதா என்று லேத் பட்டறையில் பார்த்து, தேவைப்பட்டால் ஃபேஸிங் செய்ய வேண்டும். போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, கம்பெனி சொன்ன வரிசையில், சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். இல்லையென்றால் புதிய கேஸ்கெட்டும் சீக்கிரமே போய்விடும்.

கசிவே இல்லாமலும் தண்ணீர் போகும்

ரேடியேட்டர் முகப்பில் வைக்கோல் தூசியும் உமியும் அடைத்திருந்தால் காற்று புகாது. தண்ணீர் கொதித்து மூடி வழியாக வெளியேறும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான வேகத்தில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். வேகமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். ஃபேன் பெல்ட்டையும் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 10 முதல் 15 மி.மீ. வரை அமுங்கினால் சரி. அதிகம் தொங்கினால் இறுக்க வேண்டும்.

வண்டி சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் டீசல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். பழையதை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். அதில் பொறித்திருக்கும் டிகிரிக்குச் சூடு வந்தும் திறக்கவில்லை என்றால் புதியதை மாட்டுங்கள்.

எந்தத் தண்ணீர் ஊற்றுவது?

வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாக உப்புப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். போர் தண்ணீர் ஊற்றினால் இன்ஜினுக்குள்ளும் அதுதான் நடக்கும். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு தங்கிவிடும். நாம் தினமும் ஊற்றும் ஒவ்வொரு சொம்பும் புதிய உப்பைச் சேர்க்கிறது. ரேடியேட்டர் குழாய்கள் அடைபட்டு, சூடு கூடி, இன்னும் அதிகமாகத் தண்ணீர் போகும்.

நம் ஊரில் தண்ணீர் உறையாது, கூலன்ட் எதற்கு என்று கேட்கலாம். துருப்பிடிப்பதைத் தடுக்கவும், கொதிநிலையை உயர்த்தவும், லைனரின் வெளிப்புறம் குழி விழாமல் காக்கவும் அது தேவை. முதலில் பழைய தண்ணீரை வடித்து, சுத்தமான தண்ணீர் ஊற்றி ஓட்டி, ஆறவிட்டு வடித்து, தெளிவாக வரும் வரை கழுவுங்கள். பிறகு கம்பெனி சொல்லும் வகைக் கூலன்ட்டை, டப்பாவில் எழுதியிருக்கும் அளவில் டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். கலந்தே வரும் கூலன்ட்டில் தண்ணீர் சேர்க்க வேண்டாம். வெவ்வேறு வகைகளையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: பெரும்பாலான கூலன்ட் இனிப்புச் சுவை கொண்ட விஷம். வடித்ததைக் களத்திலோ வாய்க்காலிலோ கொட்டினால் ஆடு, மாடு, நாய் நக்கிக் குடித்துச் சாகக்கூடும். மூடியுள்ள கேனில் பிடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, பட்டறையில் ஒப்படைத்துவிடுங்கள்.

அவசரத்துக்கு மஞ்சள் தூளோ, கசிவு அடைக்கும் பொடியோ போட்டு வண்டியை வீடு சேர்ப்பது உண்டு. அது வீடு வந்து சேர மட்டும்தான். அப்படியே விட்டால் ஓட்டையை அடைத்த அதே பொடி, நல்ல குழாய்களையும் அடைத்துவிடும்.

கடைசியாக, டெம்பரேச்சர் மீட்டர் வேலை செய்யவில்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வேலை செய்தாலும் அதை மட்டும் நம்பாதீர்கள். தண்ணீர் முழுதாக வற்றிவிட்டால், சென்சார் காற்றில் நின்று முள் குறைவாகவே காட்டக்கூடும். ஆகவே வயலில் இறங்கும் முன் தினமும் காலையில் மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் எவ்வளவு ஊற்றினீர்கள் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். கசிவு கூடுகிறதா என்பதை அந்தக் கணக்கே காட்டிவிடும். மெக்கானிக்கிடம் போகும்போது அதையும் கொண்டு போங்கள்.