சேற்றுக்குள் ஒரு கணக்கு

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிக் கழுவேலி ஏரியின் நீர் கடலில் கலக்கிறது. இப்படி உப்பும் நன்னீரும் கலக்கும் இடமே மட்டிக்குப் பிடித்த வீடு.

கேரளத்தின் அஷ்டமுடிக் காயலும் அப்படிப்பட்ட இடம்தான். அங்கே 1991இல் மட்டி அறுவடை பத்தாயிரம் டன்னைத் தொட்டது. வெளிநாட்டுச் சந்தை கேட்கக் கேட்க வாரினார்கள். 1993க்குள் அது பாதியானது! பிறகுதான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் யோசனைப்படி விதிகள் வந்தன. இனப்பெருக்கக் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டி எடுக்கக் கூடாது. வலைக்கண் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஏற்றுமதியாகும் ஒரு கிலோ சதையில் 1,400 மட்டிக்கு மேல் இருக்கக் கூடாது. எண்ணிக்கை கூடினால் குஞ்சு மட்டிகளை அள்ளிவிட்டார்கள் என்று பொருள். தண்ணீருக்கடியில் யார் போய்க் காவல் நிற்பது? தராசே காட்டிக்கொடுத்துவிடும்.

2014இல் அஷ்டமுடி மட்டிக்கு, வளம் குன்றாத மீன்பிடிப்புக்கான உலகளாவிய எம்.எஸ்.சி. சான்று கிடைத்தது. இந்திய மீன்பிடிப்பில் அதுவே முதல் முறை.

நம் தூத்துக்குடியில் மூழ்கிச் சங்கெடுப்பவர்களுக்கும் ஓர் அளவு உண்டு: 57 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்த சங்கு கடலுக்கே திரும்ப வேண்டும்.