சத்தத்தை நறுக்கித் தொடுத்த பெண்!

1963-ம் ஆண்டு, நவம்பர் 23-ந் தேதி, சனிக்கிழமை மாலை. இங்கிலாந்தில் பல வீடுகளில் குழந்தைகள் டெலிவிஷன் பெட்டி முன் உட்கார்ந்திருந்தார்கள்.

திடீரென்று ஒரு சத்தம்!

ஊளையா? விசிலா? இன்னதென்று சொல்ல முடியவில்லை. அடியில் குதிரை ஓடுவது போல ஒரு தாளம். திரையில் வெண்புகை போல ஏதோ கிளம்பிச் சுழன்றது. அதற்குள்ளிருந்து எழுத்துக்கள் வந்தன: "டாக்டர் ஹூ".

காலத்தைத் தாண்டி முன்னும் பின்னும் போய்வரும் ஒரு கிழவரின் கதை அது. பி.பி.சி. தயாரித்த தொடர் நாடகம். கதை இருக்கட்டும். அந்தச் சத்தத்தைச் செய்தது யார் தெரியுமா? டெலியா டெர்பிஷயர் என்ற 26 வயதுப் பெண்!

பிளேடும் டேப்பும்

மெட்டு எழுதியவர் ரான் கிரெய்னர். ஒரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்து விட்டுப் போய்விட்டார். வாத்திய கோஷ்டி கிடையாது.

டெலியா ஒரு தந்தியைச் சுண்டி, அந்த ஒலியை டேப்பில் பிடித்தார். டேப்பை வேகமாக ஓட்டினால் ஒலி உயரும். மெதுவாக ஓட்டினால் தாழும். இப்படியே ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகச் செய்தார். மற்ற ஒலிகள் மின்சாரக் கருவிகளில் பிறந்தவை.

பிறகு டேப்பை பிளேடால் நறுக்கி, அளந்து, ஒட்டினார். பூத்தொடுப்பது போன்ற வேலைதான். ஆனால் ஒரு துண்டு நீளம் தவறினாலும் தாளம் போய்விடும்! டிக் மில்ஸ் என்பவர் உதவி செய்தார். கடைசியில் மூன்று டேப்புகளை ஒரே சமயத்தில் ஓடவிட்டுக் கலந்தார்கள்.

படத்தை அமைத்தவர் பெர்னார்ட் லாட்ஜ். காமிராவை, அது பிடிக்கும் படம் தெரிகிற பெட்டியின் பக்கமே திருப்பி வைத்தார்கள். சலூனில் எதிரெதிர்க் கண்ணாடிகளைப் பார்த்திருப்பீர்களே, அதே வித்தைதான். படத்துக்குள் படம் புகுந்து புகையாய்ச் சுழன்றது.

பெயர் எங்கே?

கிரெய்னர் இசையைக் கேட்டு அசந்து போனார். டெலியாவுக்கும் பங்கு தர விரும்பினார். பி.பி.சி. சம்மதிக்கவில்லை. திரையில் கிரெய்னர் பெயர் வந்தது. டெலியா வேலை பார்த்த ஒலிக்கூடத்தின் பெயரும் வந்தது. அவர் பெயர் மட்டும் வரவில்லை!

அவர் கேம்பிரிட்ஜில் கணிதமும் சங்கீதமும் படித்தவர். 1959-ல் ஓர் இசைத்தட்டுக் கம்பெனியில் வேலை கேட்டுப் போனார். ஒலிப்பதிவு அறையில் பெண்களுக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பி விட்டார்கள். அப்படிப்பட்டவர் செய்த இசையைத்தான் நாடே முணுமுணுத்தது.

2013-ல் நாடகத்தின் 50-ம் ஆண்டு நிறைவுக்கு ஒரு விசேஷப் படம் ஒளிபரப்பானது. அதில்தான் முதல் தடவையாக அந்த இசைக்கு டெலியாவின் பெயரையும் திரையில் போட்டார்கள்.

பார்ப்பதற்கு அவர் இல்லை. 2001-லேயே, 64-வது வயதில் காலமாகி விட்டார்.